லெகோ கட்டைகளில் ஓர் உண்மையான எஞ்சின்: சக்கரத்திலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் டென்மார்க்கின் பிளாஸ்டிக் கட்டைகள்தான் லெகோ. கடையில் வாங்கும் லெகோ ரயிலோடு ஒரு கையேடு வரும். அதில் காட்டியபடி கட்டைகளைப் பொருத்திக்கொண்டே போனால் ரயில் தயாராகிவிடும். கையேடே இல்லாத ஒரு ரயிலை, நமக்குப் பிடித்த ஏதோ ஓர் உண்மையான எஞ்சினை, அதே கட்டைகளைக் கொண்டு நாமே அளவெடுத்து உருவாக்குவது முற்றிலும் வேறான வேலை. இதில் மூழ்கிக் கிடக்கும் பெரியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். குழந்தைகளை விட அவர்கள்தான் இதற்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்பது என் ஊகம்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் முகத்தைத்தான் முதலில் கட்டுகிறார்கள். விளக்கு, கண்ணாடி, மூக்கு எல்லாம் அழகாக வந்துவிடும். பிறகு அந்த முகத்துக்கு ஏற்ற உடல், அந்த உடலுக்கு ஏற்ற சக்கரம் என்று கீழே இறங்குவார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கும். மேசையில் கம்பீரமாக நிற்கும் எஞ்சின், முதல் வளைவிலேயே தடம்புரளும். நான் பரிந்துரைப்பது நேர் எதிரான வழி: சக்கரத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். எஞ்சின் எவ்வளவு நீளமாக, எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதை நம் ரசனை தீர்மானிப்பதில்லை. தண்டவாளத்தின் அகலமும் அதன் வளைவும்தான் தீர்மானிக்கின்றன.

இதை விளக்க ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ.டி.எம்-2 என்ற இந்திய ரயில்வேயின் டீசல் எஞ்சின். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்து, 1962இல் இந்தியாவுக்கு வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரானது. 2600 குதிரைத்திறன். ஈரோடு, பொன்மலை பணிமனைகளைச் சேர்ந்த இந்த எஞ்சின்கள் பல்லாண்டுகளாகத் தமிழ்நாட்டின் ரயில்களை இழுத்திருக்கின்றன. கரும்புகையைக் கக்கிக்கொண்டு புறப்படும் அந்த நீண்ட மூக்கைப் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

கட்டையின் கணக்கு

லெகோவில் எல்லா அளவும், கட்டையின் மேல் புடைத்து நிற்கும் குமிழில் தொடங்குகிறது. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். சாதாரணக் கட்டையின் உயரம், குமிழை விட்டுவிட்டால், 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் மெல்லிய துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ. அது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். இந்தச் சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

லெகோ ரயில் 1966இல் வந்தது. அன்று 4.5 வோல்ட் பேட்டரி. பிறகு 12 வோல்ட், 1991இல் உலோகத் தண்டவாளத்தின் வழியாக மின்சாரம் பாயும் 9 வோல்ட், 2006இலிருந்து மீண்டும் ரயிலுக்குள்ளேயே பேட்டரி என்று மின்சார ஏற்பாடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தண்டவாளத்தின் அகலம் மட்டும் மாறவில்லை. இரண்டு தண்டவாளங்களின் உட்புற விளிம்புகளுக்கு இடையே ஏறத்தாழ 37.5 மி.மீ. நம் கணக்கு முழுவதும் இந்த ஓர் எண்ணில் இருந்துதான் பிறக்கப்போகிறது.

அளவு விகிதம்

உண்மையான ரயிலை எத்தனை மடங்கு சுருக்குவது? இதற்கு ஒரே விடை இல்லை. லெகோ மனிதப் பொம்மையின் உயரம் 4 சென்டிமீட்டர். அதை 1.7 மீட்டர் மனிதனாக வைத்துக்கொண்டால் விகிதம் 1:42 என்று வருகிறது. ஆனால் அந்தப் பொம்மை குள்ளமும் அகலமுமான உடல்வாகு கொண்டது. உயரத்தில் சரியாக இருந்தால் தோளில் பிசகும். விளையாட்டுக்கென விற்கும் செட்டுகளில் ரயில்கள் ஆறு குமிழ் அகலத்தில், அதாவது 48 மி.மீ. இருக்கும். 3 மீட்டர் அகலமுள்ள ரயிலை அதில் அடக்கினால் விகிதம் 1:62க்குப் போய்விடுகிறது. எனவே பொம்மையை நம்பாமல் தண்டவாளத்தை நம்புவதே நல்லது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாக உள்ள பாதையின் அகலம் 1435 மி.மீ. அதை 37.5ஆல் வகுத்தால் 1:38. அந்த விகிதத்தில் 3 மீட்டர் அகல ரயில் ஏறக்குறையப் பத்துக் குமிழ் அகலம் வரும். அது மிகப் பெரிது. எடை கூடும், கட்டைச் செலவும் எகிறும். அதனால் மேலை நாட்டு ஆர்வலர்களில் பலர் எட்டுக் குமிழ் அகலத்தோடு நிறுத்திக்கொண்டு, உடலை 1:45 அல்லது 1:48 என்று வைத்துக்கொள்கிறார்கள். உடலோடு ஒப்பிட்டால் தண்டவாளம் சற்று அகலமாகத் தெரியும். தெரிந்தே செய்யும் சமரசம் அது.

நமக்கு அந்தச் சமரசம் தேவையில்லை. இந்தியாவின் அகலப் பாதை 1676 மி.மீ. அதை 37.5ஆல் வகுத்துப் பாருங்கள்: 44.7. ஏறத்தாழ 1:45. டபிள்யூ.டி.எம்-2வின் அகலம் 2864 மி.மீ. அதை 45ஆல் வகுத்தால் 63.6 மி.மீ. எட்டுக் குமிழ் 64 மி.மீ. தண்டவாளமும் சரி, உடலும் சரி, ஒரே விகிதத்தில் எட்டுக் குமிழுக்குள் வந்து உட்காருகின்றன. டென்மார்க்கில் பொம்மைக்காகத் தீர்மானித்த ஓர் அளவு, உலகின் மிக அகலமான பாதைகளில் ஒன்றுக்கு இப்படிப் பொருந்துவது தற்செயல்தான். ஆனாலும் இந்திய ரயிலை வடிவமைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. எல்லா இந்திய ரயிலுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊட்டி மலை ரயில் 1000 மி.மீ. மீட்டர் பாதையில் ஓடுவது. அதைத் தண்டவாளத்துக்கு உண்மையாகக் கட்டினால் விகிதம் 1:27. பெட்டியின் அகலமே பத்துக் குமிழைத் தாண்டிவிடும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

1:45இல் ஒரு சுலபமான மாற்று விதி உண்டு. உண்மையான ஒரு மீட்டர், கிடைமட்டத்தில் 2.78 குமிழ், செங்குத்தில் கிட்டத்தட்ட 7 பிளேட். எஞ்சினின் நீளம் இரண்டு முனைத் தாங்கிகளையும் (பஃபர்) சேர்த்து 17.12 மீட்டர், அது 47.5 குமிழ். தண்டவாளத்தின் மேற்பரப்பில் இருந்து உயரம் 4185 மி.மீ.; அது 29 பிளேட். வரைபடம் கிடைக்காத எஞ்சின் என்றால், நேர் பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படம் போதும். சக்கரத்தின் விட்டம் தெரிந்திருந்தால் (இந்த எஞ்சினுக்கு 1092 மி.மீ.) அதையே அளவுகோலாக வைத்து மற்ற அளவுகளைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம். கோணலாக எடுத்த படங்களை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் அளவில் ஏமாற்றும்.

வளைவு என்னும் சர்வாதிகாரி

லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளங்கள் பதினாறைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். மையத்திலிருந்து பாதையின் நடு வரை 40 குமிழ், அதாவது 320 மி.மீ. இதை நம் விகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் நிலைமை புரியும்: 14.4 மீட்டர் ஆரம். இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை நேர்மையாகச் சுருக்கினால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வேண்டும். வீட்டின் கூடம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் போதாது. ஆகவே, எந்த உண்மையான எஞ்சினும் கனவிலும் காணாத வளைவில் நம் எஞ்சின் திரும்பியாக வேண்டும்.

ரயிலின் உடல் நேர்கோடு, பாதையோ வளைகோடு. உடலுக்கு அடியில் இரண்டு போகிகள் இருக்கின்றன. போகி என்று நான் இங்கே சொல்வது பயணிகள் உட்காரும் பெட்டியை அல்ல. பெட்டிக்கு அடியில் தனியாகத் திரும்பக்கூடிய சக்கரத் தொகுதியை. இந்த இரண்டும் பாதையின் மேல் இருக்கும். அவற்றுக்கு நடுவிலுள்ள உடல் வளைவின் உள்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு வெளியே உள்ள முனைகள் வளைவின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு என்பதைப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் சொல்லிவிடும்.

48 குமிழ் நீள உடல். போகிகளின் சுழல்மையங்களுக்கு இடையே 26 குமிழ் என்று வைத்துக்கொள்வோம். 40 குமிழ் வளைவில் உடலின் நடுப்பகுதி உள்பக்கம் 17 மி.மீ. நகர்கிறது. முனைகள் வெளிப்பக்கம் 38 மி.மீ. நகர்கின்றன. கிட்டத்தட்ட ஐந்து குமிழ்! சுழல்மையங்களை 30 குமிழ் இடைவெளிக்குத் தள்ளி வைத்தால் வெளி நீட்டம் 33 மி.மீ. ஆகக் குறையும், ஆனால் உள் நகர்வு 23 மி.மீ. ஆகக் கூடும். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று ஏறும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வழிகள் இரண்டே: உடலின் நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வளைவைப் பெரிதாக்க வேண்டும். சிறு தயாரிப்பாளர்கள் 104 குமிழ் ஆரமுள்ள பெரிய வளைவுகளையும் விற்கிறார்கள். அந்த வளைவில் நம் எஞ்சினின் உள் நகர்வு 6.5 மி.மீ., வெளி நீட்டம் 15.5 மி.மீ. பார்வைக்கே ரயில் மாதிரி இருக்கும். விலைதான் ரயில் மாதிரி இருக்காது, விமானம் மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் பாதிக்கிறது என்று பாருங்கள். முதலாவது, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் காந்த இணைப்பு. அதை உடலின் முனையில் அசையாமல் ஒட்டினால், வளைவில் அந்த முனை பாதையிலிருந்து ஐந்து குமிழ் விலகிப்போகும். பின்னால் வரும் பெட்டி பக்கவாட்டில் இழுபட்டுத் தடம்புரளும். இணைப்பைப் போகியோடு சேர்த்துவிட்டால் அது பாதையை விட்டுப் பெரிதாக விலகாது. தோற்றத்துக்கு உடலில் இருக்க வேண்டியது, ஓட்டத்துக்குப் போகியில் இருக்கிறது. வெளியே தெரியாதபடி மறைப்பது நம் சாமர்த்தியம்.

இரண்டாவது, போகிகள் உடலுக்கு அடியில் எவ்வளவு திரும்புகின்றன என்பது. மேலே சொன்ன அமைப்பில் ஒவ்வொரு போகியும் உடலுக்கு 19 பாகை சாய்வாகத் திரும்பும். பன்னிரண்டு குமிழ் நீளமுள்ள போகியின் முனை அப்போது பக்கவாட்டில் கிட்டத்தட்ட இரண்டு குமிழ் நகரும். எஞ்சினின் முனையில் ஓட்டுநர்கள் ஏறும் படிகள், நடுவில் தொங்கும் எண்ணெய்த் தொட்டி, போகியின் பக்கச் சட்டங்கள் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று இடிக்கும் இடம் அதுதான். படிகளை உடலில் மாட்டாமல் போகியிலேயே மாட்டிவிடுவது பழைய தந்திரம். நேர்ப்பாதையில் நிற்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, சுற்றுப்புறம். எட்டுக் குமிழ் அகல முனையின் மூலை, பாதையின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் 66 மி.மீ. வரை வீசும். வளைவுக்கு அருகே நடைமேடை, சிக்னல் கம்பம், சுரங்க வாயில் எதை வைத்தாலும் மையத்திலிருந்து ஒன்பது குமிழாவது தள்ளி வையுங்கள்.

ஆறு அச்சுகள்

டபிள்யூ.டி.எம்-2வின் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். லெகோவின் இன்றைய ரயில் மோட்டாரில் இரண்டு அச்சுகள்தான் உண்டு. மூன்று அச்சுகளையும் ஒரே இறுகிய சட்டத்தில் பூட்டினால் 40 குமிழ் வளைவில் நடுச்சக்கரம் முரண்டு பிடிக்கும். மோட்டார் இல்லாத போகியில், நடு அச்சுக்கு விளிம்பில்லாத சக்கரங்களைப் போடலாம். அல்லது அந்த அச்சு சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நழுவும்படி விடலாம். மோட்டார் உள்ள போகியில், மோட்டாரின் இரண்டு அச்சுகளுக்குப் பின்னால் மூன்றாவதை ஒரு சிறு கீலில் தொங்கவிடுவது நடைமுறை. அது எடையைத் தாங்காது, மோட்டாரைத் தொடர்ந்து வரும், அவ்வளவுதான். இதனால் அச்சுகளின் இடைவெளி சமமாக இல்லாமல் போகும். மற்ற எஞ்சின்களில் இது குறை. இங்கே அது நமக்குச் சாதகம், ஏனென்றால் ஆல்கோவின் அசல் போகியிலும் மூன்று அச்சுகள் சம இடைவெளியில் இல்லை.

1:45இல் சக்கரத்தின் விட்டம் 24 மி.மீ. வர வேண்டும். லெகோவின் வழக்கமான ரயில் சக்கரம் அதைவிடச் சிறியது. நீராவி எஞ்சினுக்கென 2009இல் வந்த பெரிய சக்கரம் அதைவிடப் பெரியது. சிறியதையே போட்டு, போகியின் பக்கச் சட்டத்தைச் சற்றுக் கீழிறக்கி மறைத்துவிட்டால் கண் ஏற்றுக்கொள்கிறது. டீசல் எஞ்சின்களில் சக்கரத்தின் பாதி சட்டத்துக்குப் பின்னால்தானே இருக்கிறது. நீராவி எஞ்சினில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே சக்கரம்தான் எஞ்சினின் அழகே.

மோட்டாருக்கு மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டியில் ஆறு ‘ஏஏஏ’ பேட்டரிகள் உட்காரும். அது நான்கு குமிழ் அகலம், எட்டுக் குமிழ் நீளம். நம் எஞ்சினின் மூக்கு, இருபுறமும் ஒரு குமிழ் அகல நடைபாதை போக, ஆறு குமிழ் அகலம். அதில் இரு சுவர்களுக்கு ஒவ்வொரு குமிழ் கழித்தால் உள்ளே மிஞ்சுவது நான்கு. இடைவெளியே இல்லாமல் பொருந்துகிறது. மறந்துவிடக் கூடாத ஒன்று: பேட்டரிப் பெட்டியின் மேல் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் உயிர்பெறும். அதற்கு மேலே உள்ள கூரைப்பகுதி கையால் எளிதில் கழற்றும்படி இருக்க வேண்டும். மோட்டார் சக்கரங்களில் ரப்பர் வளையம் உண்டு. அது தண்டவாளத்தைப் பிடிக்க, மேலே எடை தேவை. ஆகவே பேட்டரி மோட்டாருக்கு நேர் மேலேயோ, முடிந்தவரை அருகிலோ இருக்கட்டும்.

உடலும் முகமும்

இவ்வளவுக்கும் பிறகுதான் எல்லாரும் ஆசைப்படும் பகுதி வருகிறது. டபிள்யூ.டி.எம்-2 இதற்கு மிகவும் ஒத்துழைக்கும் எஞ்சின். வளைந்து நெளியும் முகம் அல்ல. நீளமான ஒரு மூக்கு, குட்டையான ஒரு மூக்கு, நடுவில் முழு அகலத்துக்கும் ஓட்டுநர் அறை. பெரும்பாலும் செவ்வகங்கள். முதல் முயற்சிக்கு வந்தே பாரத்தின் கூர்முகத்தைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அந்த வளைவுகளைச் சிறு சாய்வுக் கட்டைகளால் பிடிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

கட்டைகளை எப்போதும் குமிழ் மேலே பார்க்கும்படிதான் அடுக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. எஞ்சினின் பக்கச் சுவரில் மெல்லிய செங்குத்துக் கோடுகள், கதவுகள், காற்றுச் சல்லடைகள் வரும்போது அது போதாது. அங்கேதான் குமிழ்களைப் பக்கவாட்டில் பார்க்கவைக்கும் முறை வருகிறது. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளையோ கோண வடிவத் தாங்கிகளையோ உள்ளே வைத்து, சுவரை ஒரு பலகைபோல் தனியாகக் கட்டி, அவற்றில் மாட்டிவிடலாம். ஐந்து பிளேட்டுக்கு இரண்டு குமிழ் என்ற சமன்பாடு இங்கே கைகொடுக்கிறது: படுத்திருக்கும் கட்டையும் நிற்கும் கட்டையும் 16 மில்லிமீட்டருக்கு ஒருமுறை மீண்டும் சந்திக்கின்றன. எந்த உயரத்தில் சுவர் மேல்கூரையோடு இடைவெளியின்றிச் சேரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அரைக் குமிழ் நகர்த்த வேண்டுமானால், நடுவில் ஒரே குமிழ் உள்ள பிளேட்டைப் பயன்படுத்துங்கள், 4 மி.மீ. நகரும்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் நல்ல வடிவமைப்பாளர் தெரிவார். நடைபாதையின் ஓரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். லெகோவின் மெல்லிய கம்பி 3.2 மி.மீ. தடிமன். அதை 45ஆல் பெருக்கினால் 14 சென்டிமீட்டர் தடிமனுள்ள கைப்பிடி! எந்த ஓட்டுநரின் கையும் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. முனைகளில் மட்டும் ஒன்றிரண்டு வைத்துவிட்டு நடுவில் விட்டுவிடுவது என் விருப்பம். நீளம் முழுவதும் வைத்தால் எஞ்சின் கூண்டுக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். ரேடியேட்டர் சல்லடைக்கு, டைல் எனப்படும் குமிழில்லாத துண்டு வரிவரியாக இருக்கிறது. அது 1:45இல் மிகச் சரியாகப் பொருந்தும். உடலின் பக்கத்தில் ஓடும் வண்ணப்பட்டைக்கு ஒரு பிளேட் தடிமன் போதும்.

முகத்தில் மூன்று விஷயங்கள் சரியாக அமைந்தால் மற்றவற்றைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொள்ளும்: மூக்கின் அகலத்துக்கும் ஓட்டுநர் அறையின் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம், விளக்கின் உயரம், கண்ணாடிகளின் அளவு. கண்ணாடி அரைக் கட்டை உயரம் கூடினாலே எஞ்சினின் வயது மாறிவிட்டதுபோல் தெரியும்.

பின்னால் வரும் பெட்டிகள்

எஞ்சின் எட்டுக் குமிழில் வந்துவிட்ட உற்சாகத்தில் பெட்டியையும் அப்படியே அளந்தால் அதிர்ச்சிதான் காத்திருக்கிறது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டி 21.3 மீட்டர் நீளம், 3.245 மீட்டர் அகலம். 1:45இல் 59 குமிழ் நீளம், ஒன்பது குமிழ் அகலம். அதன் போகிகளின் மையங்கள் 14.783 மீட்டர் இடைவெளியில் உள்ளன. நம் கணக்கில் 41 குமிழ். இதை 40 குமிழ் வளைவில் நிறுத்தினால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 45 மி.மீ. போய்விடும். பெட்டியின் பாதி அகலமே 36 மி.மீ.தான். அதாவது நடுப்பகுதி முழுவதும், வெளிச்சுவரோடு சேர்த்து, பாதையின் மையக்கோட்டைத் தாண்டி உள்ளே தொங்கும். ஒன்பது என்ற ஒற்றைப்படை அகலமும் தொல்லைதான். பாதையின் மையம் குமிழ்களுக்கு நடுவில் விழுவதால் எல்லா இடத்திலும் அரைக் குமிழ் நகர்த்த வேண்டிவரும்.

எனவே பெட்டியைச் சுருக்கத்தான் வேண்டும். எட்டுக் குமிழ் அகலம், நாற்பது குமிழ் நீளம், சுழல்மையங்களுக்கு இடையே 24 குமிழ் என்றால் உள் நகர்வு 15 மி.மீ., வெளி நீட்டம் 25 மி.மீ. சமாளிக்கலாம். சுருக்கும்போது பலரும் எல்லா ஜன்னல்களையும் சேர்த்துக் குறுக்குகிறார்கள். அது வேண்டாம். ஜன்னலின் அளவையும் இடைவெளியையும் மாற்றாமல், எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். பயணி ஒருவர் ஜன்னலை எண்ணிப் பார்க்கமாட்டார். அதன் வடிவம் மாறினால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அடர்நீல உடல், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை, ஜன்னல் கம்பிகள் ஆகிய மூன்றும் இருந்தால் நாற்பது குமிழும் முழு நீளமாகத்தான் தோன்றும். பெட்டிகளின் எடை முன்னிருந்து பின்னாகக் குறைந்துகொண்டு போகட்டும். இலேசான பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டால் வளைவில் உள்பக்கம் இழுக்கப்பட்டுக் கவிழும்.

திரையில் கட்டுவது, பணம் கொடுத்து வாங்குவது

கட்டைகளை வாங்கும் முன் கணினியில் கட்டிப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இதற்கு அடித்தளம் போட்டவர் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். 1995இல் அவர் எழுதிய எல்டிரா என்ற இலவச மென்பொருள், லெகோ கட்டைகளைக் கணினியில் வரைய வழி செய்தது. 1997இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தார். ரசிகர்கள் அந்தப் பாகங்களின் தொகுப்பைக் கைவிடாமல் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். இப்போது புதியவர்களுக்கு ஏற்றது, லெகோ பாகங்களுக்கான இணையச் சந்தையான பிரிக்லிங்க் தரும் ஸ்டூடியோ என்ற மென்பொருள். இதுவும் இலவசம். பயன்படுத்தியிருக்கும் பாகங்களின் பட்டியலைத் தானே எடுத்துத் தரும்.

ஆனால் திரையை முழுதாக நம்பிவிடாதீர்கள். திரையில் புவியீர்ப்பு இல்லை. காற்றில் மிதக்கும் கட்டையும், ஒரே குமிழில் தொங்கும் ஒரு கிலோ சுவரும் அங்கே உறுதியாக நிற்கும். இன்னொரு பொறி நிறம். லெகோ எல்லாப் பாகத்தையும் எல்லா நிறத்திலும் தயாரிப்பதில்லை. அடர்சிவப்பில் கட்டை இருக்கும், அதே நிறத்தில் உங்களுக்குத் தேவையான சாய்வுத் துண்டு இருக்காது. அல்லது எப்போதோ ஒரு செட்டில் மட்டும் வந்து, இன்று தங்க விலைக்கு விற்கும். உடலின் நிறத்தை முடிவுசெய்யும் முன், முகத்துக்குத் தேவையான கடினமான நான்கைந்து துண்டுகள் அந்த நிறத்தில் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு காலத்து வண்ணப்பூச்சைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பணிமனையும் தன் எஞ்சின்களுக்குத் தனி வண்ணம் பூசிய நாடு இது என்பதால் மாற்றுக்குப் பஞ்சமில்லை. ஓட்டுநர் அறைக்குக் கீழே வரும் ஐந்து இலக்க எண்ணையும் பணிமனையின் பெயரையும் ஒட்டுத்தாளில் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டு தவணையாக வாங்குவது நல்லது. முதலில் மோட்டார், சக்கரங்கள், காந்த இணைப்புகள், அடித்தளப் பிளேட்டுகள். இவற்றை வைத்து உடலே இல்லாத ஒரு வெற்றுச் சட்டத்தைக் கட்டி, எடைக்கு நாலு பழைய கட்டைகளை ஏற்றி, இருக்கும் வளைவுகளிலும் பாதை பிரியும் இடங்களிலும் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பாருங்கள். பின்னோக்கித் தள்ளும்போதுதான் பலவீனங்கள் வெளிப்படும். அது தடம்புரளாமல் ஓடிய பிறகு இரண்டாவது தவணைக்கு உடலின் பட்டியலைப் போடலாம். எல்லாப் பாகமும் ஒரே விற்பனையாளரிடம் கிடைக்காது. நான்கைந்து பேரிடம் பிரித்து வாங்கும்போது, அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், தபால் செலவும் சுங்க வரியும் கட்டைகளின் விலையைத் தாண்டிவிடக்கூடும். எனவே உள்ளே மறைந்திருக்கும் கூட்டுக்கு வீட்டில் கிடக்கும் பழைய கட்டைகளை எந்த நிறத்தில் இருந்தாலும் போடுங்கள். வெளியே தெரியும் துண்டுகளுக்கு மட்டும் பணத்தைச் செலவிடுங்கள்.